பத்து மடங்கு லென்ஸும் ரூட் கெனால் ஃபைலும்

புதிய ஃபைல் ஒன்றையும், நாலைந்து பற்களில் ஓடி முடித்த ஃபைல் ஒன்றையும் கழுவித் துடைத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும். சில சமயம் அப்போதும் ஒன்றும் தெரியாது. அப்படித் தெரியாமல் போனால் அதற்கு என்ன அர்த்தம் என்பதில்தான் எங்கள் தொழிலில் பலரும் சறுக்குகிறோம்.

பல் மருத்துவர் அல்லாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஃபைல் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ரூட் கெனால் செய்துகொண்டவர்கள் "ஊசியை உள்ளே விட்டுக் குடைஞ்சாங்க" என்று சொல்வார்களே, அந்த ஊசிதான். பல் வேருக்குள் நரம்பும் ரத்தக் குழாயும் ஓடுகிற சந்து ஒன்று இருக்கிறது. அதிலுள்ள அழுகல், கிருமி எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, மருந்து உள்ளே போகும் அளவுக்கு அகலப்படுத்துவது ஃபைலின் வேலை. கையால் சுழற்றுபவை பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். மோட்டாரில் பூட்டி ஓட்டும் ரோட்டரி ஃபைல்கள் நிக்கலும் டைட்டானியமும் கலந்த உலோகம்.

அளவுகளைக் கேட்டால் விஷயத்தின் நுணுக்கம் புரியும். வெள்ளைக் கைப்பிடி போட்ட 15-ஆம் எண் ஹேண்ட் ஃபைலின் நுனி 0.15 மில்லிமீட்டர். அங்கிருந்து மேலே போகப் போக மில்லிமீட்டருக்கு 0.02 வீதம் பருத்து, வெட்டும் பகுதி முடிகிற 16-வது மில்லிமீட்டரில் 0.47 ஆகிறது. ஊதா என்றால் நுனி 0.10, மஞ்சள் 0.20, சிவப்பு 0.25. 1958-ல் இங்கிள், லெவின் இருவரும் சேர்ந்து இந்த ஒழுங்கை முன்வைக்கும் வரை கம்பெனிக்கு ஒரு அளவுதான். அதற்கும் ஒரு நூற்றாண்டு முன்னால், 1838-ல், எட்வர்ட் மேனார்ட் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் வாட்ச் ஸ்பிரிங்கை அராவி இந்த மாதிரிக் கருவியை முதன்முதலில் செய்ததாகச் சொல்வார்கள். மனிதர் துப்பாக்கித் தொழில்நுட்பத்திலும் காப்புரிமை வாங்கியவர். அது வேறு கதை.

வாட்ச் ஸ்பிரிங்கில் ஆரம்பித்த கருவியை வாட்ச் ரிப்பேர்காரர் கண்ணில் மாட்டுவது போன்ற லென்ஸ் வைத்துப் பார்ப்பது பொருத்தம்தான். என்னுடையது மதுரை தெற்கு ஆவணி மூல வீதிப் பக்கம், நகைத் தொழிலுக்குச் சாமான் விற்கும் கடை ஒன்றில் வாங்கியது. "என்னம்மா, கல்லு பாக்கவா?" என்றார் கடைக்காரர். "இல்லண்ணே, பல்லு" என்றேன். நம்பவில்லை. ஆனால் நல்லதாகவே எடுத்துக் கொடுத்தார். மூன்று கண்ணாடிகளைச் சேர்த்து ஒட்டிய, ஓரத்தில் வானவில் நிறம் அடிக்காத லென்ஸ். வைரத்தைத் தரம் பிரிப்பவர்கள் பயன்படுத்துவதும் இதே பத்து மடங்குதான். பல் மருத்துவ சாமான் விற்பவர்களிடம் இதையே கேட்டால் வேறு பெயரில், வேறு விலையில் கிடைக்கும்.

லென்ஸ் வாங்கிவிட்டால் மட்டும் ஒன்றும் தெரிந்துவிடாது. பார்க்கிற விதம் என்று ஒன்று இருக்கிறது, அதை யாரும் கல்லூரியில் சொல்லித் தருவதில்லை. குறைந்தபட்சம் எங்கள் காலத்தில் சொல்லித் தரவில்லை.

முதலில் ஃபைல் சுத்தமாக இருக்க வேண்டும். திருகு போலச் சுற்றி ஓடும் புரிகளுக்கு இடையில் பல் தூளும் காய்ந்த ரத்தமும் அடைத்துக்கொண்டிருந்தால் அடியில் இருப்பது தெரியாது. அல்ட்ராசோனிக் க்ளீனரில் போட்டு எடுத்து, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் கைப்பிடிப் பக்கமிருந்து நுனியை நோக்கித் துடைத்துவிட்டு, நீராவிச் சூட்டில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்குப் போவதற்கு முன்னால் பார்ப்பது என் வழக்கம். கையுறை கழற்றுவதில்லை. பத்து மடங்கு லென்ஸின் குவியத் தூரம் இரண்டரை சென்டிமீட்டர், கிட்டத்தட்ட ஓர் அங்குலம். அதாவது லென்ஸ் கண்ணை ஒட்டி, ஃபைல் லென்ஸை ஒட்டி இருக்கும். முள் நுனியும் கண்ணும் அவ்வளவு பக்கத்தில் வருகிற வேலை என்பதால் முழங்கை இரண்டையும் மேஜையில் ஊன்றிக்கொள்ளாமல் பார்க்கவே கூடாது. மாஸ்க் போட்டுக்கொண்டு பார்த்தால் மூச்சு மேலேறி லென்ஸ் பனிக்கும். மூக்கின் மேல் மாஸ்க் கம்பியை நன்றாக அழுத்திவிட்டால் சமாளிக்கலாம்.

அடுத்தது வெளிச்சம். உருப்பெருக்கத்தை விட இதுதான் முக்கியம் என்பேன். தலைக்கு மேலே எரியும் டியூப் லைட்டில் ஃபைல் முழுக்க ஒரே பளபளப்பாக இருக்கும், எதையும் பிரித்தறிய முடியாது. பக்கவாட்டிலிருந்து வரும் ஒற்றை விளக்கு வேண்டும். பின்னால் பளபளப்பில்லாத கறுப்பு அட்டை. கைப்பிடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து மெதுவாக உருட்டினால், புரிகளின் மேல் விழும் ஒளி சின்னச் சின்ன மினுக்கல்களாக நுனியிலிருந்து அடிவரை ஒரே சீராக நகர்ந்து போகும். புரி எங்காவது பிரிந்திருந்தால் அந்த இடத்தில் ஒளி நகராது. மற்ற இடங்கள் மங்கி மினுங்கும்போது அது மட்டும் பளிச்சென்று நின்று எரியும். எங்கள் அசிஸ்டன்ட் அக்கா இதற்குக் "கண்ணடிக்குது" என்று பெயர் வைத்திருக்கிறார். "மேடம், இந்தச் செவப்பு கண்ணடிக்குது, தூக்கிப் போட்டுரவா?" இப்போது நாங்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். கழுவுகிறவர் அவர்தான் என்பதால் என்னைவிட அவருக்கு முதலில் தென்படும். சில நாள் லென்ஸே இல்லாமல் சொல்லிவிடுவார், லென்ஸ் அதை உறுதி செய்யும்.

அந்தப் பளிச்சிடும் இடத்தில் என்ன நடந்திருக்கிறது? ஃபைல் சுழலும்போது நுனி எங்கோ இறுகிச் சிக்கிக்கொள்கிறது. மோட்டார் அது தெரியாமல் மேல்பகுதியைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. உலோகம் தாங்குகிற அளவைத் தாண்டியதும், சுழலும் திசையைப் பொறுத்துப் புரி அவிழ்கிறது அல்லது இன்னும் நெருக்கமாக முறுக்கிக்கொள்கிறது. அவிழ்ந்த இடத்தில் சாய்ந்திருந்த பரப்பு நிமிர்ந்து தட்டையாகி ஒளியை நேராகத் திருப்பி அடிக்கிறது. கூடுதலாக முறுக்கிய இடத்தில் புரிகளுக்கிடையே இடைவெளி குறைந்து தெரியும். பெரும்பாலும் இவை நுனியிலிருந்து நாலைந்து மில்லிமீட்டருக்குள் வரும், ஏனென்றால் ஒல்லியான பகுதி அதுதான், சிக்குவதும் அதுதான். நான் பார்வையை எப்போதும் நுனியில் ஆரம்பிப்பது அதனால்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. சாதாரண ஹேண்ட் ஃபைலில் புரிகள் கிட்டத்தட்டச் சீரான இடைவெளியில் இருக்கும், மாறினால் கண்ணில் பட்டுவிடும். ப்ரோடேப்பர் மாதிரியான ரோட்டரி ஃபைல்களில் இடைவெளியே நுனியிலிருந்து அடி வரை மாறிக்கொண்டு போகிற மாதிரித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். தெரியாதவர் பார்த்தால் நல்ல ஃபைலையே அவிழ்ந்துவிட்டது என்று நினைப்பார். அவிழ்ந்ததை வடிவமைப்பு என்று நினைத்து விடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு அளவிலும் ஒரு புது ஃபைலை வாயில் பயன்படுத்தாமல் ஒப்பிடுவதற்கென்றே வைத்திருக்கிறேன். செலவுதான். ஆனால் இரண்டையும் ஒரே விரலிடுக்கில் பிடித்து லென்ஸில் பார்த்தால் விவாதத்துக்கே இடமில்லை.

அவிழ்தல் ஒரு பக்கம், தேய்மானம் இன்னொரு பக்கம். வெட்டும் விளிம்பு கூராக இருந்தால் அதில் ஒளி பட்டுத் திரும்புவதற்குப் பரப்பே கிடையாது, கறுப்புக் கோடாகத்தான் தெரியும். மழுங்கிவிட்டால் விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கோடு ஓடும். ஒரே புரியில் பாதி கறுப்பு, பாதி வெள்ளை என்றும் பார்த்திருக்கிறேன். மழுங்கிய ஃபைல் உடைந்துவிடும் என்று உடனே சொல்ல முடியாது. ஆனால் அது வெட்டாது. வெட்டாதபோது டாக்டரின் கை தானாக அழுத்தும். அழுத்தினால் நுனி இறுகும். அப்புறம் நடப்பதைத்தான் மேலே சொல்லிவிட்டேன்.

இவ்வளவும் லென்ஸ் நன்றாகக் காட்டுகிற விஷயங்கள். இதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது. லென்ஸ் வாங்குங்கள், பாருங்கள், கண்ணடித்தால் போடுங்கள் என்று முடித்திருக்கலாம்.

நிக்கல்-டைட்டானியம் ஃபைல் உடைவதற்கு இன்னொரு வழி இருக்கிறது. கட்டடக் கம்பியாளர் கட்டுக்கம்பியை ஒடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெட்டுவதில்லை, ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாக வளைத்து வளைத்து ஒடிப்பார். வளைந்த வேருக்குள் சுழலும் ஃபைலுக்கும் இதுதான் நடக்கிறது. வளைவின் வெளிப்பக்கத்தில் இருக்கும் உலோகம் இழுபடுகிறது, உள்பக்கம் நசுங்குகிறது. அரைச் சுற்றில் இழுபட்டது நசுங்கும் இடத்துக்கும் நசுங்கியது இழுபடும் இடத்துக்கும் வந்துவிடும். மோட்டாரை நிமிடத்துக்கு 300 சுற்றில் வைத்தால் நொடிக்கு 5 தடவை இது நடக்கிறது. ஒரு வளைந்த சந்தில் அரை நிமிடம் ஓட்டினால் 150 தடவை. 19-ஆம் நூற்றாண்டில் ரயில் வண்டி அச்சுகள் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று முறிவது ஏன் என்று ஜெர்மனியில் ஆகஸ்ட் வோலர் ஆராய்ந்தாரே, அதே உலோகச் சோர்வு. அவருடைய அச்சும் சுழன்றுகொண்டே வளைந்தது, இதுவும் அப்படித்தான்.

எவ்வளவு வளைகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சுழலும் கம்பியின் மேற்பரப்பு எத்தனை சதவீதம் நீள்கிறது என்பது, கம்பியின் விட்டத்தில் பாதியை வளைவின் ஆரத்தால் வகுத்தால் வந்துவிடும். வேரின் வளைவு ஆரம் 5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம், கீழ்க் கடைவாய்ப் பல்லின் முன்வேரில் இதெல்லாம் சாதாரணம். வளைவில் ஃபைல் 0.25 மில்லிமீட்டர் பருமனாக இருந்தால் மேற்பரப்பு நீட்சி 2.5 சதவீதம். ப்ரோடேப்பரில் சிவப்பு வளையம் போட்ட எஃப்-2 நுனியில் 0.25-ஆக ஆரம்பித்து மில்லிமீட்டருக்கு 0.08 பருப்பதால், நுனியிலிருந்து மூன்றாவது மில்லிமீட்டரிலேயே 0.49 ஆகிவிடுகிறது. அங்கே நீட்சி ஏறத்தாழ 5 சதவீதம். ஸ்டீல் ஒரு சதவீதத்துக்கே நிரந்தரமாக வளைந்துவிடும். நிக்கல்-டைட்டானியம் 8 சதவீதம் வரை இழுத்தாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பக்கூடியது. 1988-ல் வாலியாவும் அவருடன் இருந்தவர்களும் பல் சீரமைப்புக் கம்பியிலிருந்து முதல் நிக்கல்-டைட்டானியம் ஃபைலைச் செய்து காட்டியபோது எல்லோரும் வாய் பிளந்தது இதற்காகத்தான்.

திரும்பி விடுகிறது என்பதுதான் நமக்கு வினை. 5 சதவீதம் நீண்டும் நசுங்கியும் நூற்றுக்கணக்கான தடவை போய்வந்த ஃபைல், வெளியே எடுத்ததும் நேராக நிற்கும். புரி சீராக இருக்கும். கண்ணடிக்காது. மேற்பரப்பில் எங்கோ ஒரு விரிசல் ஆரம்பித்திருக்கும், ஆனால் அது மைக்ரான் கணக்கில். நல்ல வெளிச்சத்தில் வெறும் கண்ணால் பிரித்துப் பார்க்கக்கூடியது ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். பத்து மடங்கு லென்ஸில் அது 0.01, அதாவது 10 மைக்ரான். விரிசல் அதற்கும் சிறியது. போதாக்குறைக்கு, வளைவு இருக்கும்போதுதான் விரிசல் வாய் திறக்கும். ஃபைலை நேராக நிமிர்த்தி லென்ஸுக்கடியில் பிடிக்கும் நேரத்தில் அதன் வாய் மூடியிருக்கும்.

சரி, அப்படியானால் இன்னும் பெரிதாக்கிப் பார்த்தால்? எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆயிரம், இரண்டாயிரம் மடங்கில் பார்த்த படங்கள் ஆய்விதழ்களில் நிறைய இருக்கின்றன. அந்த அளவில் புது ஃபைலே பார்க்கப் பயமாக இருக்கும். நிக்கல்-டைட்டானியத்தை முறுக்கி வடிவம் கொடுப்பது கடினம், திரும்பி அவிழ்ந்துவிடும் என்பதால் பெரும்பாலான ஃபைல்களைக் கம்பியிலிருந்து சாணை பிடித்துத்தான் செதுக்குகிறார்கள். அந்தச் சாணைக்கல்லின் கோடுகள் மேற்பரப்பு முழுக்க உழுத வயலாகக் கிடக்கும். விளிம்பில் பிசிறு இருக்கும். இதில் எது பிறவிக் கோடு, எது விரிசல் என்று கிளினிக்கில் உட்கார்ந்து சொல்ல முடியாது. ஆய்வுக்கூடத்தில் ஒரே ஃபைலைப் பயன்படுத்துவதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்து ஒப்பிடுகிறவர்களுக்கே அது சிரமமான வேலை. இணையத்தில் யூ.எஸ்.பி. நுண்ணோக்கி வாங்கலாம், பெட்டியில் "1000 மடங்கு" என்று அச்சடித்திருப்பார்கள். பெரும்பாலும் அது சின்னப் படத்தைப் பெரிய திரையில் ஊதிக் காட்டுவதுதான். வாங்கினாலும் தப்பில்லை, மாணவர்களுக்குக் காட்ட உதவும். ஆனால் அதில் ஒன்றும் தெரியவில்லை என்பதை நல்ல சேதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதற்கு ஆதாரமாக நான் எப்போதும் சொல்வது மெல்போர்னிலிருந்து வந்த இரண்டு ஆய்வுகளை. முதலாவது 2000-ல் வந்தது. ரூட் கெனால் சிறப்பு மருத்துவர்கள் கழித்துப் போட்ட 378 குவான்டெக் ரோட்டரி ஃபைல்களை சட்டாபனும் மற்றவர்களும் ஆராய்ந்தார்கள். ஏறக்குறைய பாதியில் கண்ணுக்குத் தெரியும் குறை இருந்தது, 21 சதவீதம் உடைந்தே இருந்தன. உடைந்தவற்றில் முறுக்கினால் உடைந்தவை 55.7 சதவீதம், சோர்வினால் உடைந்தவை 44.3. முறுக்கினால் உடைந்தவற்றில் உடைப்புக்கு மேலேயே புரி அவிழ்ந்த அடையாளம் இருந்தது. சோர்வினால் உடைந்தவற்றில் பக்கத்தில் ஒரு கோணல்கூட இல்லை. கத்தியால் வெட்டியது மாதிரி போயிருந்தது. இரண்டாவது 2004-ல் வந்தது. நான்கு நாடுகளைச் சேர்ந்த 14 சிறப்பு மருத்துவர்களிடமிருந்து 7,159 ஃபைல்களை வாங்கிப் பார்த்தார்கள். உடைந்தவை 5 சதவீதம். அதில் 3.5 சோர்வு, 1.5 முறுக்கு. கம்பெனி, வடிவமைப்பு, கை எல்லாம் மாற மாற விகிதமும் மாறுகிறது. ஆனால் லென்ஸுக்குப் பிடிபடாமல் உடைகிற ஒரு கூட்டம் எப்போதும் இருக்கிறது, அது சிறிய கூட்டமும் இல்லை.

மேலே போட்ட கணக்கோடு இதைச் சேர்த்துப் பார்த்தால், எந்த ஃபைல் எப்படிச் சாகும் என்பது ஓரளவு விளங்கும். ஒல்லி ஃபைல்கள் வளைவில் அதிகம் நீள்வதில்லை, ஆனால் சிக்கினால் உடனே அவிழ்கின்றன. அதாவது எச்சரிக்கை கொடுத்துவிட்டுப் போகின்றன. பருமனான ஃபைல்கள் முறுக்கை நன்றாகத் தாங்கும், ஆனால் வளைவில் படாத பாடு படும், ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விடும். இளம் டாக்டர்கள் ஒல்லி ஃபைலைக் கண்டுதான் பயப்படுகிறார்கள். கடைவாய்ப் பல்லில் எஃப்-2, எஃப்-3 ஓட்டும்போது "அவ்வளவுதான், முடிந்தது" என்று மனசு தளர்கிறது. நான் அங்கேதான் நிமிர்ந்து உட்காருவேன்.

அதனால் எங்கள் கிளினிக்கில் லென்ஸோடு ஒரு நோட்டும் உண்டு. ஒவ்வொரு ரோட்டரி செட்டுக்கும் தனி டப்பா, டப்பாவுக்கு ஓர் எண், நோட்டில் அந்த எண்ணுக்கு ஒரு பக்கம். எத்தனை பல் என்று எழுதுவதில்லை, எத்தனை சந்து, எப்படிப்பட்ட வளைவு என்று எழுதுகிறோம். முன்பல் என்றால் பெரும்பாலும் நேரான ஒரே சந்து. கீழ்க் கடைவாய்ப் பல் என்றால் மூன்று, சில சமயம் நான்கு, அதில் குறைந்தது இரண்டு வளைந்திருக்கும். இரண்டையும் "ஒரு பல்" என்று எழுதுவது வெட்டிக் கணக்கு. ப்ரூட், கிளெமென்ட், கார்ன்ஸ் மூவரும் 1997-ல் சோதனை செய்து சொன்னதும் இதுதான்: வளைவின் கோணம் மட்டும் போதாது, ஆரமும் முக்கியம், இறுகிய வளைவில் ஃபைல் சீக்கிரம் போகும். எத்தனை சுற்றில் உடையும் என்பதை மோட்டாரின் வேகம் மாற்றவில்லை என்றும் பார்த்தார்கள். வேகமாக ஓட்டினால் அதே எண்ணிக்கையைச் சீக்கிரம் தொட்டுவிடும், அவ்வளவே. எக்ஸ்ரேயில் கொக்கி மாதிரி வளைந்த வேர் தெரிந்தால் அந்தப் பல்லுக்குப் புது செட்டைப் பிரித்துவிடுகிறேன், வேலை முடிந்ததும் அது நேரே கழிவு ஊசிகளைப் போடும் ஷார்ப்ஸ் டப்பாவுக்கு. லென்ஸில் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் சரி.

பிரிட்டனில் இந்தத் தொல்லையே இல்லை. 2007 ஏப்ரலில் அங்கே சுகாதாரத் துறை எல்லா ரூட் கெனால் ஃபைலையும் ஒரே நோயாளியோடு தூக்கிப் போடச் சொல்லிவிட்டது. காரணம் உடைவது அல்ல, மாட்டுப் பைத்திய நோயோடு தொடர்புள்ள புரதம் பல்லின் சதை வழியாகப் பரவுமோ என்ற அச்சம். அந்தப் புரதம் வழக்கமான ஆட்டோகிளேவ் சூட்டுக்கு அழியாது. நம் ஊரில் ஒரு ரோட்டரி ஃபைல் சில நூறு ரூபாய், ஒரு பல்லுக்கு மூன்று நான்கு வேண்டும். பெட்டியில் ஒரு தடவைதான் என்று போட்டிருந்தாலும் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது ஊரறிந்த விஷயம். இதை மறைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. நோயாளி கொடுக்கிற பணத்தில் புது செட்டுக்கு இடம் இல்லையென்றால் அதை அவரிடமே சொல்லலாம். பலர் "புதுசே போடுங்க டாக்டர்" என்பார்கள். கேட்டுப் பார்க்காமல் நாமே முடிவெடுத்துக்கொள்கிறோம்.

ஃபைல் உள்ளே உடைந்துவிட்டால் பல் போச்சு என்று நினைக்க வேண்டாம் என்பதையும் நோயாளிகளுக்காக இங்கே சொல்லிவிடுகிறேன். அதே மெல்போர்ன் குழு 2005-ல் வெளியிட்ட ஆய்வில், துண்டு உள்ளேயே தங்கிவிட்ட பற்களில் 91.8 சதவீதம் ஆறியிருந்தன, துண்டு இல்லாத ஒப்பீட்டுப் பற்களில் 94.5. வேர் நுனியில் ஏற்கெனவே சீழ்க்கட்டி இருந்த பற்களில் மட்டும் வித்தியாசம் கூடுதல். இவை கைதேர்ந்தவர்கள் செய்த சிகிச்சைகளின் எண்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். துண்டு உடைந்தது பிரச்சினை என்பதை விட, அதற்குக் கீழே கிருமி சுத்தமானதா என்பதுதான் பிரச்சினை. உடைந்ததை நோயாளியிடம் சொல்லி எக்ஸ்ரேயைக் காட்டிவிட வேண்டும். சொல்லாமல் விடுகிற டாக்டரைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது.

சமீப காலமாக வந்திருக்கும் சூடேற்றிப் பதப்படுத்திய ஃபைல்கள் லென்ஸ்காரர்களுக்குப் புதுத் தலைவலி. தங்க நிறம், நீல நிறம் என்று வருபவை. சோர்வை இவை பழையவற்றை விட நன்றாகத் தாங்கும், வளைத்தால் வளைந்தபடியே நிற்கும். வளைத்துப் பார்த்துத் திரும்புகிறதா என்று சோதிக்கும் பழைய பழக்கம் இவற்றிடம் செல்லாது. ஹைஃப்ளெக்ஸ் சி.எம். போன்றவை வேலை செய்யும்போதே புரி அவிழ்ந்து கொடுக்கும், ஆட்டோகிளேவில் போட்டால் சூட்டில் பழைய முறுக்குக்குத் திரும்பிவிடும். ஆகவே இவற்றை ஆட்டோகிளேவுக்கு முன்னால் மட்டும் பார்த்தால் எல்லாமே கண்ணடிக்கும். பின்னாலும் பார்க்க வேண்டும். திரும்பாமல் அவிழ்ந்தே கிடந்தால் கழித்துவிட வேண்டும் என்பது தயாரிப்பாளரே சொல்கிற விதி. திரும்பிவிட்டது என்றால் வடிவம் திரும்பிவிட்டது என்று மட்டுமே பொருள். அது இதுவரை ஓடிய சுற்றுகளை ஆட்டோகிளேவ் அழிப்பதில்லை, நோட்டில் எழுதியது எழுதியதுதான். வேவ்ஒன், ரெசிப்ராக் வகைகளில் இந்தக் குழப்பத்துக்கே வழியில்லாமல் கைப்பிடியில் ஒரு பிளாஸ்டிக் வளையம் வைத்துவிட்டார்கள். ஆட்டோகிளேவில் போட்டால் அது உப்பிக்கொள்ளும், அப்புறம் ஹேண்ட்பீஸில் பூட்டவே முடியாது. அந்த வளையத்தைச் செதுக்கிவிட்டு மறுபடி பூட்டுகிற கெட்டிக்காரர்களும் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு லென்ஸைப் பற்றிச் சொல்லி என்ன ஆகப்போகிறது!

கண்ணில் மாட்டும் லூப்ஸ் போதாதா என்று கேட்பார்கள். இரண்டரை, மூன்று மடங்கு லூப்ஸ் சிகிச்சைக்கு நல்லது, கழுத்தும் பிழைக்கும். பெரிய ஃபைலில் மோசமாக அவிழ்ந்தது அதிலேயே தெரியும். 15, 20 எண்களில் ஆரம்பநிலைச் சேதம் தப்பிவிடும். டென்டல் மைக்ரோஸ்கோப் வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அமெரிக்காவில் 1998 முதல் ரூட் கெனால் மேற்படிப்பில் அதைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். வேருக்குள் பார்க்கத்தான் வாங்குகிறார்கள், ஆனால் இரண்டு கையும் சும்மா இருக்க, வெளிச்சமும் அதிலேயே இருக்க, ஃபைல் பார்ப்பதற்கு அதைவிட வசதி வேறில்லை. பத்து, பன்னிரண்டு மடங்குக்கு மேல் போக வேண்டியதில்லை. அதற்கு மேல் போனால் ஒரே நேரத்தில் ஃபைலின் சின்னத் துணுக்குதான் தெளிவாக இருக்கும், மற்றதெல்லாம் மங்கும். ஒளி சீராக நகர்கிறதா என்று பார்க்கிற வேலைக்கு ஃபைல் நீளமாகத் தெரிய வேண்டும்.

எனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர் இப்போது முழுக்க ஒரு தடவை மட்டும் பயன்படுத்தும் ஃபைலுக்கு மாறிவிட்டார். "லென்ஸை மியூசியத்துக்குக் கொடுத்துடு" என்று போனில் கிண்டல் செய்தார். நோட்டைக் கொடுத்துவிடலாம், லென்ஸைக் கொடுக்க மாட்டேன் என்றேன். ஒரே நோயாளி என்றாலும் ஒரு கடைவாய்ப் பல்லில் மூன்று நான்கு சந்து இருக்கிறது. முதல் சந்தில் சிக்கி அவிழ்ந்த ஃபைல் இரண்டாவது சந்துக்குள் போகும்போது அது புது ஃபைல் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் சந்துக்குச் சந்து வெளியே எடுத்து, ஹைப்போ என்கிற கிருமிநாசினி நனைத்த பஞ்சில் துடைத்து, நுனியை ஒரு தடவை உருட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகிறேன். பத்து நொடி ஆகும். பெட்டியிலிருந்து எடுத்த புது ஃபைலையும் பார்க்கிறேன், எப்போதாவது ஒன்று நுனி பிசிறாகவே வருகிறது. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்தக் கடை எங்கே இருக்கிறது என்று கேட்டார். காலை பதினொன்றுக்கு மேல் போனால் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது என்று சொல்லிவைத்தேன்.